திரை திரும்பினும் பொருள் திரியலாகாது



ஒரு சனிக்கிழமை முற்பகல் எம் வகுப்பில் நிகழ்ந்த சிறு துன்பம் ஒன்றிலிருந்து இப்பாடத்தைத் தொடங்குகின்றேன். ‘என் பாட்டியின் ஊர்’ என்னும் தலைப்பில் ஒரு பக்கக் கட்டுரை எழுதுமாறு மாணவர்களைப் பணித்திருந்தேன். மாணவி ஒருத்தி முதல்நாளே தன் பாட்டியாரோடு தொலைபேசியில் உரையாடி, குளக்கட்டு, பனங்கூடல், படலை எனப் பல சொற்களைக் கேட்டுக் குறித்து வந்திருந்தாள். அவற்றையெல்லாம் அமைத்துத் தன் பலகைக் கணினியில் அரைமணி நேரம் தமிழிலே தட்டச்சுச் செய்தாள். “ரீச்சர், எழுதி முடிச்சிட்டன்” என்று மகிழ்ச்சியோடு கருவியை என் பக்கம் திருப்பினாள். நிமிர்ந்திருந்த திரை கிடையாயிற்று. ஒருகணம் இருண்டு மீண்டும் ஒளிர்ந்தது. எழுதும் பெட்டி வெறுமையாய் இருந்தது. மறுபடியும் எழுதும்படி தேற்றினேன். இரண்டாம் முறை அவள் ஐந்து வரிகளே எழுதினாள். படலையும் பனங்கூடலும் அவற்றில் இல்லை.

பிள்ளை செய்த பிழை யாது? ஒன்றுமில்லை. கருவியும் பழுதடையவில்லை. அந்தச் செயலியை எழுதியவர், ‘திரை திரும்பினால் என்ன நிகழும்?’ என்னும் வினாவைத் தம்மிடம் கேட்க மறந்துவிட்டார். அவ்வினாவே இக்கட்டுரையின் பொருள். நாளை செயலி எழுதப்போகும் மாணவர்க்கு இது ஒரு பாடம். பிள்ளைகளுக்குச் செயலி தேர்ந்து கொடுக்கும் பெற்றோர்க்கு இது ஒரு உரைகல்.

ஏடும் நூலும்

பக்கத்தின் வடிவம் மாறுவது தமிழுக்குப் புதிதன்று. பனையோலை ஏடு கிடையானது. அகலம் மிகுந்து உயரம் குறைந்தது. அச்சுநூல் நிமிர்ந்தது. ஏட்டில் எழுதியோர் ஓலையை வீணாக்காமல் பாட்டின் அடிகளைப் பிரிக்காது தொடர்ந்தே எழுதிச் சென்றனர். மெய்யெழுத்துகளுக்குப் புள்ளி இடுவதும் அரிது. யாழ்ப்பாணத்துச் சிறுப்பிட்டியிற் பிறந்த சி. வை. தாமோதரம்பிள்ளை 1887 ஆம் ஆண்டில் கலித்தொகையைப் பதிப்பித்தார். அதே ஆண்டில் உ. வே. சாமிநாதையர் சீவகசிந்தாமணியைப் பதிப்பித்தார். கிடையான ஏட்டிலிருந்து நிமிர்ந்த நூலுக்குப் பாடலைக் கொண்டுவரும்போது, ஓலையில் வரி முடிந்த இடத்தை அடி முடிந்த இடமாகக் கொள்ளுதல் இயலாது. சீரும் தளையும் தொடையும் காட்டும் இடத்திலேயே அடியைப் பிரித்தல் வேண்டும். ஏனெனில், அடி என்பது பாட்டுக்கு உரியது. வரி என்பது ஓலைக்கு உரியது.

இவ்வேறுபாட்டை மனத்திற் பதித்துக் கொள்க. பாட்டுக்கு உரியது எது, ஓலைக்கு உரியது எது என்று பிரித்தறிதலே செயலி எழுதுவோர்க்கும் முதற்பாடம்.

திரும்பியதைக் கருவி அறிவது எங்ஙனம்?

2007 ஆம் ஆண்டில் வெளிவந்த முதல் ஐபோன், கையிற் பிடித்துத் திருப்பியவுடன் நிழற்படத்தையும் இணையப் பக்கத்தையும் தானே திருப்பிக் காட்டிற்று. அதனுள் முடுக்கமானி என்னும் நுண்கருவி இருந்தது. சிலிக்கனிற் செதுக்கிய மிகச்சிறு எடையொன்று வில் போன்ற மெல்லிய தாங்கிகளிலே பொருத்தப்பட்டிருக்கும். புவியீர்ப்பு இழுக்கும்போது அவ்வெடை அணுவளவாக இடம்பெயரும். அதனால் அருகருகே உள்ள தகடுகளுக்கிடையே மின் கொள்ளளவு மாறும். அம்மாற்றத்தை அளந்து, ஈர்ப்பு எத்திசையில் உள்ளது என்று கருவி கணிக்கின்றது.

கருவியை நிமிர்த்திப் பிடித்தால், செக்கனுக்குச் செக்கன் 9.8 மீற்றர் என்னும் ஈர்ப்பு முடுக்கம் ஏறத்தாழ முழுவதும் அதன் நீளப் பக்கமாகப் பதிவாகும். பக்கவாட்டிற் சாய்த்தால் அகலப் பக்கமாகப் பதிவாகும். மேசைமீது மல்லாத்தி வைத்தால் இவ்விரு பக்கங்களிலும் ஒன்றும் பதிவாகாது. ஈர்ப்பு கருவியின் முதுகுப்புறமாகவே இருக்கும். அப்போது எது மேல், எது கீழ் என்று அறிய வழியின்மையால், கருவி முன்பிருந்த நிலையையே வைத்துக்கொள்கின்றது. மேசைமீது கிடத்திய கைத்தொலைபேசியைச் சுழற்றினால் படம் திரும்பாமைக்குக் காரணம் இதுவே. வீட்டிற் செய்து பாருங்கள்.

திரும்பும்போது செயலிக்குள் நிகழ்வது

நம் பள்ளி ஆண்டு விழா மேடையை எண்ணிப் பாருங்கள். ஒரு காட்சி முடிந்ததும் அரண்மனைச் சோடனையை அகற்றிவிட்டுக் காட்டுச் சோடனையை நிறுத்துகின்றோம். மேடை முற்றாக மாறுகின்றது. ஆயினும் நடிகர் தம் வசனத்தை மறப்பதில்லை.

அண்ட்ராய்ட் இயங்குதளம் இவ்வாறே செய்கின்றது. அதில் ஒரு திரைக்குரிய பகுதியை ‘ஆக்டிவிட்டி’ என்பர். கருவி திரும்பினால், வேறு ஏற்பாடு செய்யப்படாதவிடத்து, பழைய ஆக்டிவிட்டி முழுவதையும் அழித்துப் புதிதாக ஒன்றைப் படைக்கின்றது. ஏன் இவ்வளவு கடுமை? கிடைநிலைக்கு வேறு அமைப்பும் வேறு படங்களும் செயலியில் இருக்கலாம். ஒவ்வொன்றாக மாற்றுவதைவிட, புதிய நிலைக்கு உரியவற்றை எடுத்து முதலிலிருந்து கட்டுவது ஐயத்திற்கு இடமற்றது. திரும்புதல் மட்டுமன்று, கருவியின் மொழியை ஆங்கிலத்திலிருந்து தமிழுக்கு மாற்றினாலும், இருள்வண்ணத் தோற்றத்தைத் தெரிவு செய்தாலும், இதே அழிவும் ஆக்கமும் நிகழக்கூடும்.

ஆகவே வசனத்தைச் சோடனையிலே எழுதி வைத்த நடிகர் திகைப்பார். எம் மாணவியின் கட்டுரைக்கும் இதுவே நேர்ந்திருக்கலாம். எழுதும் பெட்டிக்கு ஓர் அடையாளப் பெயர் இட்டிருந்தால், அண்ட்ராய்ட் அதிலுள்ள எழுத்தைத் தானே காத்துப் புதிய திரையிலும் வைக்கும். அப்பெயரை இடாமல் விட்டிருக்கலாம். அல்லது திரை பிறக்கும்போதெல்லாம் பெட்டியை வெறுமையாக்கும் கட்டளை ஒன்றை எழுதியிருக்கலாம். பிழை ஒரு வரி. இழப்பு ஒரு பக்கம்.

அப்பிளின் இயங்குதளத்தில் முறை வேறு. திரும்பும்போது திரைக்குரிய பகுதி அழிவதில்லை. ‘உன் இடம் இவ்வளவு அகலமாகவும் இவ்வளவு உயரமாகவும் மாறப்போகின்றது’ என்னும் செய்தி அதற்கு முன்னரே அனுப்பப்படும். 2014 ஆம் ஆண்டில் வெளிவந்த ஐ.ஓ.எஸ் 8 பதிப்பு முதல், திரும்புதலை இவ்வாறு அளவு மாற்றமாகவே கருதுவது வழக்கமாயிற்று. அங்கே எழுத்து அழியும் அச்சம் குறைவு. ஆனால் பெட்டிகள் ஒன்றன்மேல் ஒன்று ஏறாமலும், பொத்தான் திரைக்கு வெளியே போகாமலும் அடுக்கும் பொறுப்பு எழுதுவோர்க்கு உண்டு.

காக்கும் இடங்கள் மூன்று

திரை அழிந்தாலும் அழியாது காக்க வேண்டியவற்றை எங்கே வைப்பது? மூன்று இடங்கள் உள்ளன.

முதலாவது, திரைக்கு வெளியே செயலியின் நினைவகம். அண்ட்ராய்டில் இதற்கென ‘வியூமாடல்’ என்னும் ஏற்பாட்டைக் கூகுள் நிறுவனம் 2017 ஆம் ஆண்டில் அறிமுகம் செய்தது. ஆக்டிவிட்டி அழிந்து பிறந்தாலும் வியூமாடல் நிலைத்திருக்கும். இணையத்திலிருந்து இறக்கிய சொற்பட்டியலை இங்கே வைக்கலாம். ஆனால் நினைவகம் போதாமல் இயங்குதளம் செயலியையே நிறுத்திவிட்டால் இதுவும் போய்விடும்.

இரண்டாவது, இயங்குதளத்திடம் ஒப்படைக்கும் சிறு குறிப்பு. பயணம் போகும்போது அயலவரிடம் திறப்பைக் கொடுப்பது போன்றது இது. எந்தப் பாடம், எத்தனையாவது வினா என்பன போன்ற சிறு செய்திகளை இதில் எழுதலாம். இயங்குதளம் தானே செயலியை நிறுத்தினாலும் இக்குறிப்புத் திரும்பக் கிடைக்கும். பெருஞ்சுமையை இதில் ஏற்றலாகாது.

மூன்றாவது, கருவியின் நிலையான சேமிப்பு. கோப்பாகவோ தரவுத்தளமாகவோ எழுதப்படுவது. மின்கலம் தீர்ந்தாலும் அழியாது.

பிள்ளையின் கட்டுரை எவ்விடத்திற்கு உரியது? ஐயமின்றி மூன்றாவதற்கு. சில செக்கன்களுக்கு ஒருமுறை தானே சேமித்துக் கொள்ளும் செயலியே எழுதுவதற்கு ஏற்றது. மனிதர் மீண்டும் செய்ய வேண்டிய உழைப்பு எதுவோ அதை மிக உறுதியான இடத்தில் வைத்தல் வேண்டும். இயந்திரம் மீண்டும் செய்யக்கூடியது எதுவோ அது அழிந்தாலும் தாழ்வில்லை.

திசையைக் கேளாதே, அகலத்தைக் கேள்

தொடக்க காலத்தில், ‘கருவி நிமிர்ந்துள்ளதா, கிடையாக உள்ளதா?’ என்று கேட்டு, இரண்டு அமைப்புகளை எழுதி வைத்தாற் போதுமாயிருந்தது. இன்று அது போதாது. 2015 ஆம் ஆண்டில் ஐபாட்டிலும், 2016 ஆம் ஆண்டில் அண்ட்ராய்ட் 7.0 பதிப்பிலும் திரையை இரண்டாகப் பகிரும் வசதி வந்தது. ஒரு பாதியில் அகராதி, மறு பாதியில் கட்டுரை என்று நம் பிள்ளைகள் வைத்துக்கொள்கின்றனர். 2019 ஆம் ஆண்டில் சாம்சங் நிறுவனத்தின் மடிக்கும் கைத்தொலைபேசி விற்பனைக்கு வந்தது. நூலைப் போல் விரித்தால் அதன் திரை பெரிதாகும். கருவி கிடையாக இருக்கும். ஆயினும் செயலிக்குக் கிடைத்த சாளரம் ஒடுங்கியிருக்கும். எனவே கேட்க வேண்டிய வினா, ‘எனக்குத் தரப்பட்ட சாளரத்தின் அகலம் எவ்வளவு?’ என்பதே. கருவியைத் திருப்புவதும் சாளரத்தின் அளவு மாறுவதில் ஒரு வகையே.

அண்ட்ராய்டில் 160 அலகை ஏறத்தாழ ஓர் அங்குலமாகக் கொள்வர். 600 அலகுக்குக் குறைந்த அகலம் ஒடுங்கியது. 600 முதல் 840க்கு உட்பட்டது இடைத்தரம். 840 முதல் அகன்றது. ஒடுங்கிய சாளரத்தில் பாடப் பட்டியல் ஒரு பக்கம், பாடம் மறுபக்கம் என்று தனித்தனியே காட்டலாம். அகன்ற சாளரத்தில் இரண்டையும் அருகருகே வைக்கலாம். பட்டியலும் பாடமும் மாறவில்லை. அடுக்கு முறையே மாறிற்று.

எதை மாறாது காப்பது என்பதற்கு நம் நகரத்திலிருந்தே ஓர் எடுத்துக்காட்டு உண்டு. உலகெங்கும் வழங்கும் கூகுள் வரைபடத்தின் வித்து சிட்னியில் ஊன்றப்பட்டது. லார்ஸ், ஜென்ஸ் ராஸ்முசென் என்னும் உடன்பிறந்தாரும், நோயல் கோர்டன், ஸ்டீபன் மா ஆகியோரும் நிறுவிய சிறு நிறுவனத்தைக் கூகுள் 2004 ஆம் ஆண்டில் வாங்கியது. 2005 ஆம் ஆண்டில் வரைபடம் இணையத்தில் வெளியாயிற்று. வரைபடம் காட்டும் செயலி ஒன்றை நீங்கள் எழுதுவதாகக் கொள்வோம். ஹோம்புஷ் நிலையம் திரையின் நடுவில் உள்ளது. கருவி திரும்பியதும் திரையின் நான்கு மூலைகளையும் காக்க முயன்றால் படம் இழுபட்டு உருக்குலையும். நடுப்புள்ளியையும் அளவுத்திட்டத்தையும் காத்தால், ஹோம்புஷ் நடுவிலேயே இருக்கும். ஓரங்களில் தெரியும் தெருக்கள் மட்டும் மாறும். நடுப்புள்ளி பார்ப்பவருக்கு உரியது. மூலைகள் திரைக்கு உரியவை.

பூட்டிவிட்டால் என்ன?

‘இத்தனை தொல்லை எதற்கு? நிமிர்நிலையிலேயே செயலியைப் பூட்டிவிட்டால் போதுமே’ என்று எண்ணுவோர் உண்டு. ஒரே கட்டளையில் பூட்டலாம். பலர் அவ்வாறே செய்தும் உள்ளனர். அது நோய்க்கு மருந்தன்று. நோயை மறைக்கும் போர்வை. மொழியை மாற்றினாலும் சாளரத்தைப் பகிர்ந்தாலும் பழைய பிழை வெளிப்படும்.

அதனினும் பெரிய காரணம் ஒன்றுண்டு. சக்கர நாற்காலியின் கையில் கருவியை ஒரே நிலையிற் பொருத்தி வைத்திருப்போர் உள்ளனர். அவர்களால் அதைத் திருப்ப இயலாது. கிடையாகப் பொருத்திய கருவியில், நிமிர்நிலையிற் பூட்டிய செயலியை அவர்கள் கழுத்தைச் சாய்த்தே படித்தல் வேண்டும். இதனைக் கருதியே, 2018 ஆம் ஆண்டில் வெளியான வலை உள்ளடக்க அணுகல் வழிகாட்டியின் 2.1 ஆம் பதிப்பு, இன்றியமையாத இடத்திலன்றி உள்ளடக்கத்தை ஒரே நிலைக்குக் கட்டுப்படுத்தலாகாது என்று விதித்தது. பியானோ வாசிக்கும் செயலி போன்றவை விலக்கு. தமிழ்ப் பாடம் அத்தகைய விலக்கு அன்று.

2025 ஆம் ஆண்டில் வந்த அண்ட்ராய்ட் 16 பதிப்பும் இவ்வழியே நடந்தது. குறுகிய பக்கம் 600 அலகோ அதற்கு மேலோ உள்ள திரைகளில், அப்பதிப்பை இலக்காகக் கொண்ட செயலிகள் இட்ட பூட்டை அது பொதுவாகப் பொருட்படுத்துவதில்லை. விளையாட்டுகளுக்கு விலக்கு உண்டு.

தமிழுக்கே உரிய இடர்கள்

இதுவரை கூறியவை எல்லா மொழிக்கும் பொது. தமிழ்ச் செயலி எழுதுவோர் இன்னும் நான்கைக் கருதுதல் வேண்டும்.

ஒன்று, பாடலின் அடி. திருக்குறளின் ஒவ்வொரு பாவும் ஏழு சீர் கொண்டது. முதலடி நான்கு, இரண்டாமடி மூன்று. ஒடுங்கிய திரையில் ஒரு வரிக்கு மூன்று சீரே அடங்கினால், நான்காம் சீர் தனித்துக் கீழே விழும். பிள்ளைக்குக் குறள் மூன்றடிப் பாட்டாகத் தோன்றும். ஒவ்வோர் அடியையும் தனிப் பத்தியாக அமைத்து, மடங்கி விழும் சீரைச் சற்று உள்தள்ளிக் காட்டினால் இம்மயக்கம் நேராது. கருவியைத் திருப்பியதும் அடி தானே நிமிர்ந்துகொள்ளும்.

இரண்டு, சொல்லின் நீளம். ‘எழுதிக்கொண்டிருந்தவர்களுக்காக’ என்பது ஒரே சொல், 17 எழுத்துகள். ஆங்கிலச் சொற்களுக்கு அளவெடுத்துத் தைத்த பெட்டியில் இது அடங்காது. பெட்டியின் அகலத்தை எண்ணாற் குறிக்காமல், சொல்லுக்கேற்ப விரியவும் அடுத்த வரிக்கு மடங்கவும் விடுதல் வேண்டும்.

மூன்று, எழுத்தின் எண்ணிக்கை. ‘தமிழ்’ என்பது நமக்கு மூன்றெழுத்து. ஒருங்குறியிலோ ஐந்து குறியீடுகள்: த, ம, இகரக் குறி, ழ, புள்ளி. வரியை எங்கே மடிப்பது என்று செயலி தானே குறியீடுகளை எண்ணி இரண்டாவதன்பின் வெட்டினால், முதல் வரியில் ‘தம’ நிற்கும். இகரக் குறி அடுத்த வரியில் அநாதையாய்க் கிடக்கும். மடிக்கும் வேலையை இயங்குதளத்தின் எழுத்தமைப்புப் பகுதியிடம் விடுவதே நன்று. அது எழுத்தைப் பிளப்பதில்லை.

நான்கு, படித்த இடம். ஒரு கதையின் நடுவில் இருக்கும்போது கருவி திரும்புகின்றது. மேலிருந்து இத்தனை புள்ளி தூரம் என்று செயலி குறித்து வைத்திருந்தால், வரிகள் அகன்று எண்ணிக்கை குறைந்த பின் அத்தூரத்தில் வேறு பத்தி இருக்கும். எத்தனையாவது பத்தி, அதில் எத்தனையாவது எழுத்து என்று குறித்திருந்தால் படித்த இடமே மீண்டும் தோன்றும். முன்னது ஓலையை அளப்பது. பின்னது பாட்டை அறிவது.

பெற்றோர் செய்யக்கூடிய சோதனை

பிள்ளைக்குப் புதிய செயலி ஒன்றைக் கொடுக்குமுன் ஐந்து நிமிடம் செலவிடுங்கள். தமிழில் இரண்டு வரி தட்டச்சுச் செய்து, சேமிக்காமலே கருவியைத் திருப்புங்கள், மீண்டும் நிமிர்த்துங்கள். வேறொரு செயலிக்குப் போய்த் திரும்பி வாருங்கள். திரையைப் பகிர்ந்து பாருங்கள். எழுத்தின் அளவைப் பெரிதாக்குங்கள். எழுதியது எழுதியபடியே இருந்து, பொத்தான்கள் யாவும் தெரிந்தால் அச்செயலியை நம்பலாம். இல்லையேல், வேறொன்று கிடைக்கும்வரை பிள்ளை கொப்பியிலே எழுதட்டும்.

பயிற்சி

1. அடி, வரி என்பவற்றின் வேறுபாட்டை உங்கள் சொற்களில் எழுதுக.
2. மேசைமீது கிடத்திய கருவி, சுழற்றினாலும் திரையைத் திருப்பாதது ஏன்?
3. பின்வருவனவற்றை மூன்று காப்பிடங்களுள் எதில் வைப்பீர்கள்? அ. பாதி எழுதிய கடிதம். ஆ. இணையத்திலிருந்து பெற்ற சொற்பட்டியல். இ. இப்போது பார்க்கும் வினாவின் எண்.
4. ‘பள்ளிக்கூடம்’ என்னும் சொல்லில் எத்தனை எழுத்துகள்? ஒருங்குறியில் எத்தனை குறியீடுகள்?
5. நீங்கள் மனனம் செய்த குறள் ஒன்றை ஒடுங்கிய தாளிலும் அகன்ற தாளிலும் எழுதி, அடி சிதையாமல் எவ்வாறு மடிப்பீர்கள் என்று காட்டுக.

முடிவாக மாணவர்க்கு ஒரு சொல். உங்களிற் சிலர் நாளை சிட்னியிலோ மெல்பேர்ணிலோ இருந்து உலகத்தார்க்கெல்லாம் செயலி எழுதுவீர்கள். கட்டளைகளின் பெயர்கள் மாறும். கருவிகளின் வடிவமும் மாறும். திரைக்கு உரியதைத் திரையோடு விட்டு, மனிதர்க்கு உரியதைக் காக்கும் முறை மாறாது. நீங்கள் எழுதும் செயலியிலே ஒரு சிறுமி தன் பாட்டியின் ஊரைப் பற்றி எழுதிவிட்டு, மகிழ்ச்சியோடு கருவியைத் திருப்புவாள். அவள் எழுதிய படலையும் பனங்கூடலும் அவ்விடத்திலேயே இருக்கட்டும்.